ஒரே கிலோமீட்டர்

கிலோமீட்டரை உள்ளபடியே போட்டதுதான் ஜீவானந்தம் செய்த தப்பு. மற்ற பதினோரு டிரைவர்களும் வாய்க்கு வந்ததைப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.

தாம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்த இடத்திலேயே ஊர் வம்பு முழுக்க என் கையில் காகிதமாக வந்து போகிறது. வீடு இரும்புலியூரில். பின்போர்ஷனில் ஆறு வருஷமாக ஜீவானந்தம் குடியிருக்கிறான். அவன், அவன் மனைவி சத்யபிரியா, அவன் அம்மா எல்லம்மா. எல்லம்மா விடிவதற்குள் இட்லி அவித்து, வடகறியோடு தூக்கிக்கொண்டு போய் மெயின் ரோட்டு முனையில் விற்பாள். சத்யபிரியாவுக்கு ஒரு தனியார் பள்ளியில் ஆயா வேலை. ஜீவானந்தம் ஒரு டிராவல்ஸில் வேன் ஓட்டுகிறான். கேளம்பாக்கம் பக்கம் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிற வேலை. டிராவல்ஸில் மொத்தம் பன்னிரண்டு வேன்.

வேனுக்கு ஒரு டீசல் கார்டு. பெட்ரோல் பங்கில் கார்டைத் தேய்த்து, ரகசிய எண்ணை அழுத்தி, வண்டி அதுவரை ஓடியிருக்கும் கிலோமீட்டரையும் அழுத்த வேண்டும். டீசலைத் தவிர வேறெதற்கும் அந்தக் கார்டு செல்லாது. செல்லாது என்பது சட்டம். நடப்பு வேறு. ஜன்னலுக்குத் திரைச்சீலை, போன் சார்ஜ் போட பிளக், கூரையில் ஃபேன் என்று வண்டியில் எது மாட்டினாலும் டீசல் கார்டுதான். பங்குக்காரன் நாற்பது லிட்டர் என்று தேய்ப்பான், ஒரு சொட்டு ஊற்ற மாட்டான், தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொடுப்பான். டிரைவர் அதைக் கொண்டுபோய் முடிச்சூர் ரோட்டு மெக்கானிக் ஷெட்டில் கொடுத்து வேலையை முடித்துக்கொண்டு வருவான்.

ஏன் இந்தச் சுற்றுவழி என்றால், கம்ப்யூட்டர் கம்பெனியின் ஒப்பந்தத்தில் வண்டியில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அதை மூன்று காப்பி எடுத்துக் கொடுத்தவன் நான்தான். படிக்காமல் காப்பி எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. மாற்றம் செய்யக் கூடாது என்றால் மாற்றத்துக்கு பில்லும் இருக்கக் கூடாது. டீசல் போட்டதாகக் கணக்கு இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

ஜூலை மாதம் டிராவல்ஸ் மேனேஜர் ஷ்யாம்சுந்தருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு வண்டிக்கு இரண்டு பேர் கூட ஏறினால் ஒரு வண்டியையே மிச்சம் பிடிக்கலாம். ஏறுகிற கதவு இடது பக்கம் இருக்கிறது. பின்னால் இருப்பது அவசரக் கதவு, யாரும் திறப்பதில்லை. அதை மறித்து ஒரு இரும்பு பெஞ்சைப் பற்றவைத்து, மேலே மெத்தை தைத்துவிட்டால் இரண்டு பேர் உட்காரலாம். முதலில் ஜீவானந்தத்தின் வண்டியில் போட்டுப் பார்க்கச் சொன்னான்.

மூன்று நாள் வண்டி ஷெட்டில் நின்றது. மூன்று நாளும் ஜீவானந்தம் பஸ்ஸில் பங்குக்குப் போய்க் கார்டைத் தேய்த்தான். கிலோமீட்டர் கேட்டபோது, மூன்று நாளும் 112406 என்று அழுத்தினான். வண்டிதான் ஓடவில்லையே, ஓடாத வண்டிக்கு எப்படி ஏற்றிப் போடுவது என்பது அவன் எண்ணம். மூன்றாவது தடவை, ஒரே கிலோமீட்டர் என்று கார்டு மக்கர் பண்ணியது. ஷ்யாம்சுந்தருக்குப் போன் போட்டான். அவன் ஆபீஸில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் கார்டைத் திறந்துவிட்டான். அடுத்தடுத்து மற்ற பதினோரு வண்டிக்கும் அதே பெஞ்சு வந்தது.

அன்று சாயங்காலம் இதை என்னிடம் சிரிப்பாகத்தான் சொன்னான் ஜீவானந்தம்.

"ஷ்யாம் சார் கத்துறாரு சார். பத்து இருவது ஏத்திப் போட்டா இன்னாடா, ஒன் வூட்டு சொத்தா போயிடுச்சுன்றாரு. எனக்கு கை வர்ல சார். வண்டி அங்க ஜாக்கி மேல நிக்குது, நான் இங்க ஓடிச்சின்னு போட்டா எப்டி?"

"ஊத்தாத டீசலை ஊத்தினதா தேய்க்கறதுக்கு மட்டும் கை வந்துச்சாக்கும்?" என்றேன்.

"அது ஆபீஸ் சொல்றது. கிலோமீட்டர் நான் போட்றது" என்றான். நியாயத்தை எங்கே பிரித்து வைத்திருக்கிறான் பாருங்கள் என்று எனக்கும் சிரிப்பு வந்தது.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. முடிச்சூர் பக்கம் முழங்கால் தண்ணீர். மத்தியான ஷிப்டுக்குப் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தான் ஜீவானந்தம். கண்டிகை தாண்டி, எதிரே வந்த டிப்பர் லாரி பள்ளத்தைத் தவிர்க்க ஒடித்து வந்து வேனை இடித்துத் தள்ளியது. வேன் இடது பக்கமாகச் சாய்ந்து வாய்க்காலில் படுத்தது. ஏறுகிற கதவு அடியில் போய்விட்டது. மிச்சம் இருந்தது பின் கதவு. அதை மறித்து பெஞ்சு.

முன் கண்ணாடியை உடைத்துப் பதின்மூன்று பேரை ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார்கள். பதினான்காவது ஆள் மிருதுளா என்று ஒரு பெண். சிட்லபாக்கம். இருபத்துமூன்று வயது, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். அவள் உட்கார்ந்திருந்தது அந்த பெஞ்சில். பற்றவைத்த கால் ஒரு பக்கம் விட்டுக்கொண்டு, பெஞ்சு அப்படியே அவள் வலது கைமேல் இறங்கியிருந்தது. இரும்பை அறுக்க ஆள் வந்து சேர நாற்பது நிமிஷம். அதுவரை ஜீவானந்தம் உள்ளேயே சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

லாரிக்காரன் ஓடிப்போய்விட்டான். வண்டி ஓட்டியதில் ஜீவானந்தத்தின் மீது தப்பில்லை என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் போலீஸ் கேட்டது வேறு. பன்னிரண்டு பேர் போகிற வண்டியில் பதினான்கு பேர் எப்படி, அவசரக் கதவை அடைத்து பெஞ்சு போட்டது யார்?

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே தூறல். ஷ்யாம்சுந்தர் ஆப்பிளும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு பின்போர்ஷனுக்கு வந்தான். வீட்டுக்காரர் என்ற முறையில் நானும் இருந்தால் நல்லது என்று என்னையும் கூப்பிட்டான். அவன் எனக்கு நல்ல வாடிக்கை. பன்னிரண்டு வண்டிக் காகிதமும் என் கடையில்தான். போனேன்.

எல்லம்மா அவனுக்கு இட்லி வைத்து வடகறி ஊற்றினாள். அவன் தட்டை மடியில் வைத்துக்கொண்டே பேசினான். ஜீவானந்தம் நெற்றியில் தையலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"ஜீவா, நான் சொல்றத பொறுமையா கேளு. மேனேஜ்மென்ட்ல ரெண்டு வழி சொல்றாங்க. ஒண்ணு, நீ டீசல் திருடிட்டேன்னு கம்ப்ளெயின்ட் குடுக்கறது. ஜூலையில மூணு நாள் வண்டி ஷெட்ல நிக்குது, கார்டுல நூத்தி இருபது லிட்டர் போயிருக்கு. கிலோமீட்டர் மூணு தடவையும் ஒண்ணே. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு."

"அது பெஞ்சு போட குட்த்த துட்டு சார். நீங்கதான தேய்க்க சொன்னீங்க?"

"நான் சொன்னேன்னு எங்க இருக்கு?"

"போன்ல சொன்னீங்களே சார்."

"அது கம்பெனி போன். ஆக்ஸிடென்ட்ல நனைஞ்சு போச்சு, ஆபீஸ்ல வாங்கி வச்சாச்சு." இட்லியைப் பிட்டு வடகறியில் தோய்த்தான். "இன்னொரு வழி சொல்றேன். அந்த பெஞ்ச நீயாவே போட்டேன்னு எழுதிக் குடுத்துடு. வர்ற வழியில வெளியாள ஏத்திக்கலாம்னு போட்டேன், கம்பெனிக்குத் தெரியாதுன்னு. அப்ப கார்டு விஷயத்த நாங்க எடுக்கவே மாட்டோம். வக்கீல் எங்க செலவு. மிஞ்சிப் போனா பதினஞ்சு நாள் உள்ள இருப்ப. சத்யபிரியாவுக்கு ஆபீஸ்லயே வேலை போட்டுத் தர்றோம்."

சத்யபிரியா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"எனக்கு வேல கீது சார். நான் கேட்டனா உங்கள?"

"நீ சும்மா இரு" என்றாள் எல்லம்மா. "பெரியவங்க பேசிகினு கீறாங்கோ."

"இன்னா பேசறாங்கோ? ஒண்ணு திருடன், இல்லாங்காட்டி கொலகாரன். எது வோணும்னு ஆப்பிள் குட்த்து கேக்கறாங்கோ."

ஷ்யாம்சுந்தர் கை கழுவிக்கொண்டான். "நாளன்னிக்கு ஸ்டேஷன்ல ஸ்டேட்மென்ட். யோசிங்க. சாம்பசிவன் சார், நீங்களும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அந்த இடம் எரிந்தது. ஆனால் தட்டிவிடவில்லை நான்.

அவன் போனதும் எல்லம்மா மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"எழுதிக் குட்த்துடு நைனா. திருடன்ற பேரு வாணாம். முப்பது வர்சமா நான் ரோட்ல இட்லி விக்கிறேன். ஒரு பைசா அதிகமா வாங்கனான்னு எவனாச்சும் சொல்லுவானா?"

"அந்த பொண்ணு கைய எட்த்தவன்ற பேரு மட்டும் நல்லா கீதா அத்த?" என்றாள் சத்யபிரியா.

"அது விதிம்மா. லாரிக்காரன் வந்து இட்ச்சதுக்கு இவன் இன்னா பண்ணுவான்?"

ஜீவானந்தம் அப்போதுதான் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்துத்தான் பேசினான்.

"பெஞ்சு கால பத்த வெக்கும்போது நான்தான் சார் புட்ச்சிகினு நின்னேன். கதவ தொறக்க முடியாதேன்னு கேட்டேன். பின்னாடி கதவு எவன்டா தொறக்கறான்னு ஷெட்காரன் சிரிச்சான். நானும் சிரிச்சேன்."

நெற்றித் தையலைத் தடவிக்கொண்டான்.

"அந்த பொண்ணு கத்தவே இல்ல சார். அண்ணா, என் கைய கொஞ்சம் எடுத்து வுடுங்கண்ணா, மரத்துப் போச்சுன்னு சொல்லிகினே இருந்துச்சு. பஸ்ல பக்கத்து ஆள நகரச் சொல்ற மாதிரி. இதோ எட்த்துட்றேம்மா, இதோம்மான்னு நானும் சொல்லிகினே இருந்தேன். நாப்பது நிமிசம் பொய்தான் சார் சொன்னேன். இப்ப இன்னொரு பொய் சொன்னா இன்னா?"

"நீ பண்ண தப்ப ஒத்துக்கோ, நான் வாணாம்னு சொல்லல" என்றாள் சத்யபிரியா. "நான்தான் புட்ச்சிகினு நின்னேன்னு சொல்லு. ஆனா போடச் சொன்னவன் பேரையும் சேர்த்து சொல்லுயா. மீதி பதினோரு வண்டிலயும் அதே பெஞ்சு கீது. நீ உன் தலைல போட்டுகினா அதுல எவளாச்சும் நாளிக்கு ஒக்காருவா."

அவள் சொன்னதுதான் சரி. எனக்கு அது தெரிந்தது. ஆனால் வாய்ப்பேச்சுக்கு ஸ்டேஷனில் என்ன மதிப்பு? ஷெட்காரன் பேச மாட்டான், பங்குக்காரன் பேச மாட்டான். பேசினால் அவர்களும் மாட்டுவார்கள். "காகிதம் ஏதாவது இருந்தா பாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் காகிதம் இருந்தது.

நல்ல மழை. கடையில் நான் மட்டும். ஷ்யாம்சுந்தர் டிரைவர்கள் எல்லாருக்கும் புது அடையாள அட்டை கேட்டிருந்தான். விபத்துக்குப் பிறகு வந்த ஞானோதயம். போட்டோவுக்குக் கீழே 'பாதுகாப்பே முதல் கடமை' என்று சிவப்பு எழுத்தில் போட வேண்டுமாம். அச்சடித்து, வெட்டி, லேமினேஷன் உறையில் செருகிச் செருகி மெஷினில் விட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் நன்றாகச் சூடேறி ஓடிக்கொண்டிருந்தது.

சத்யபிரியா தலையில் பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. ரவிக்கைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்து, அதிலிருந்து மூன்று சின்ன ஸ்லிப்புகளை மேஜைமேல் வைத்தாள்.

"கரண்ட் பில்லு குத்தி வெக்கிற கம்பில இருந்துச்சு சார். ஆபீஸ்ல இத சேக்காத, நீயே வெச்சிக்கோன்னாராம் ஷ்யாம் சார், ஜூலைல சொல்லிச்சு. குத்தி வெச்சிட்டு மறந்துடுச்சு இந்தாளு. பாருங்க, மூணுத்துலயும் கிலோமீட்டர் ஒண்ணாவே கீது."

பார்த்தேன். எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. மூன்று தேதி. மூன்று நாற்பது லிட்டர். மூன்றிலும் 112406. மூன்றாவது ஸ்லிப்பின் அடியில் கூடுதலாக ஒரு வரி இருந்தது. ஆபீஸ் அனுமதியோடு திறக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில், பக்கத்தில் ஒரு போன் நம்பரின் கடைசி நான்கு எண்கள். அந்த எண்கள் எனக்கு மனப்பாடம். ஷ்யாம்சுந்தருடையது.

"அம்மாடி" என்றேன். "இது போதும்மா. ஓடாத வண்டிக்கு டீசல் போட அவனே அனுமதி குடுத்திருக்கான். டீசல் இல்லேன்னா எதுக்குன்னு அவன்தான் சொல்லியாகணும்."

அவள் சிரித்தாள். அந்த நான்கு நாளில் அந்த வீட்டில் யாரும் சிரித்து நான் பார்க்கவில்லை. "ஈரமா கீது சார், கிழிஞ்சிடப் போது. பத்திரமா பண்ணிக் குடுங்க" என்றாள்.

பத்திரமாக. என் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கை பாட்டுக்கு ஓர் உறையை எடுத்தது, மூன்றையும் வரிசையாக அடுக்கியது, மெஷினில் விட்டது.

பங்கு ஸ்லிப் சூட்டில் அச்சாகிற காகிதம். அதை மறுபடி சூட்டில் விட்டால் மொத்தமும் கறுத்துவிடும். எங்கள் தொழிலில் இது எல்.கே.ஜி. பாடம். இதைத் தெரியாமல் பங்கு ஸ்லிப்பைக் கொண்டுவருகிறவர்களை, அறிவிருக்கா என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். முதலில் ஒரு ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். ஜெராக்ஸ் மெஷின் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு ரூபாய் வேலை.

பாதி உள்ளே போனதும் உறைத்தது. இழுத்தேன். உருளை விடவில்லை. அந்தப் பக்கம் வெளியே வந்தபோது, பளபளப்பான பிளாஸ்டிக்குக்குள் மூன்று கறுப்புப் பட்டைகள் இருந்தன.

சத்யபிரியா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எழுத்து எங்க சார்?" என்றாள். நான் சொன்னேன். என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் கண் என் மேஜைமேல் போனது. அங்கே புது அட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன.

"இது ஷ்யாம் சார் குட்த்த வேலையா?"

"ஆமாம்மா. ஆனா..."

"ம்" என்றாள். பிளாஸ்டிக்கை மேஜைமேலேயே வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள். பையைத் தலைக்குப் பிடிக்கவில்லை.

தெரிந்தே செய்தேனா என்று கேட்டால், இல்லை. எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன். ஆனால் வேறு எவனாவது இதே கதையைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அன்று ராத்திரி பின்போர்ஷன் கதவைத் தட்டி, கம்ப்யூட்டர் கணக்கைக் கேட்டு ஸ்டேஷனில் மனு கொடுக்கலாம், நானே டைப் அடித்துத் தருகிறேன் என்றேன். ஜீவானந்தம் வாசலிலேயே நின்று பேசினான். "கம்ப்யூட்டர் அவங்க கைலதான சார் கீது? நாளிக்கு அதுல வேற கிலோமீட்டர் வரும். உடுங்க. ஸ்லிப்பு கெட்ச்சிச்சி, கெட்ச்சிச்சின்னு இவ வேற கத சொல்லிகினு கீறா. எனக்கு தெம்பு வரணும்னு சொல்றா போல." கதையில்லை, நிஜம்தான் என்று சொல்லாமலே திரும்பி வந்தேன்.

மறுநாள் ஷ்யாம்சுந்தர் கையால் எழுதிய கடிதத்தோடு கடைக்கு வந்தான். 'நானாகவே, நிர்வாகத்துக்குத் தெரியாமல், சொந்த லாபத்துக்காக...' டைப் அடித்தேன். அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன். ஜீவானந்தம் என் மேஜையில், என் பேனாவால் கையெழுத்துப் போட்டான். சாயங்காலம் ரிமாண்ட் செய்துவிட்டார்கள்.

பதினைந்து நாள் என்றது முப்பதாகிவிட்டது. கம்பெனி வக்கீல் இன்னும் ஜாமீன் மனு போடவில்லை. எல்லம்மா வழக்கம்போல இட்லி விற்கிறாள். சத்யபிரியா டிராவல்ஸ் வேலைக்குப் போகவில்லை. குழாயடியில் என்னைப் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

நேற்று ரவி கடைக்கு வந்தான். அதே டிராவல்ஸில் டிரைவர். ஜீவானந்தத்துக்கு மச்சான் முறை. லைசென்ஸ் காப்பி வேண்டுமாம்.

"எல்லா வண்டிலயும் பெஞ்ச அறுத்து எடுக்கறாங்கோ சார். போலீசு பாக்க வர்தாம். இன்னிக்கு என் வண்டி ஷெட்ல கீது."

"அதுக்குத் துட்டு?"

"வேற எங்க? டீசல் கார்டுதான். காலைல தேச்சிட்டு வந்தேன்." சிரித்தான். திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். பின்னால் சத்யபிரியா நின்றிருந்தாள், ஜெயிலில் ஜீவானந்தத்தைப் பார்க்க மனுப் போட ஆதார் காப்பி எடுக்க.

"கிலோமீட்டர் இன்னா போட்டண்ணா?" என்று கேட்டாள்.

ரவி தலையைக் குனிந்துகொண்டான். "நாப்பது ஏத்திப் போட்டேம்மா."

"கரெக்டு. அப்டித்தான் போடணும்."

அவன் காப்பியை வாங்காமலே போய்விட்டான். நான் ஆதாரை வாங்கி இரண்டு காப்பி எடுத்தேன். முதல் காப்பி கோணலாக விழுந்தது. இன்னொன்று எடுத்தேன்.

"அந்த கறுப்பு அட்டைய குடுங்க சார்" என்றாள்.

"அது எதுக்கும்மா? அதுல ஒண்ணும் தெரியாதே."

"ஸ்லிப்பு கெட்ச்சிச்சின்னு சொன்னா அந்தாளு இன்னும் நம்பல. நான் தேடி எட்த்தேன்னு தெரியணும்ல? கறுப்பு தெரியுதுல்ல, அது போதும்."

மேஜை இழுப்பறையில் அடியில்தான் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். முந்தானையால் தூசியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு பர்ஸைத் திறந்தாள்.

"அன்னிக்கு குடுக்காம போயிட்டேன். லேமினேஷன் எவ்ளோ சார்?"